வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் கார்ன்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள்

ஸ்வீட் கார்ன் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்ட இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் வெளியிட்டிருக்கிறோம்.

காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரே வரிசையில் 12 செடி வைத்தேன். ஆளுயரம் வளர்ந்தது, கதிரும் பருத்தது. உரித்தால் பொக்கை வாய் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி. விதை சரியில்லையா, உரம் போதவில்லையா?
— வாசகி, நாகர்கோவில்

விதையிலும் குறையில்லை, உரத்திலும் குறையில்லை. ஒரே வரிசையில் நட்டதுதான் காரணம்.

செடியின் உச்சியில் விரிகிற கொத்து ஆண் பூ. இடுப்பளவில் வருகிற கதிர்தான் பெண் பூ. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழைகள் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு இணைந்திருக்கும். ஓர் இழைமேல் மகரந்தம் விழுந்தால் அந்த ஒரு மணி பிடிக்கும். விழாவிட்டால் அந்த இடம் காலிதான். 400 மணி வேண்டுமென்றால் 400 இழைக்கும் மகரந்தம் போய்ச் சேரவேண்டும். சேர்ப்பது காற்று. ஒரே வரிசையில் நட்டால் குறுக்கே அடிக்கிற காற்று மகரந்தத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். உங்களுக்குச் சுவர் வேறு ஒரு பக்கத்தை மறைத்திருக்கிறது.

அடுத்த முறை ஒரே வரிசையாக இல்லாமல் கட்டமாக நடுங்கள். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து செடி என்று வைத்தால் 20 செடிக்கு 3 சதுர மீட்டர் இடம் போதும். 16 செடிக்குக் குறைந்தால் காற்றை நம்பாதீர்கள், கையால் மகரந்தம் சேர்த்துவிடுங்கள்.

அதற்கான வேலை இவ்வளவுதான். ஆண் பூவில் மஞ்சள் பைகள் தொங்க ஆரம்பித்ததும், பனி காய்ந்த பிறகு, காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில் தோட்டத்துக்குப் போங்கள். ஒரு காகித உறையை ஆண் பூமேல் கவிழ்த்து, பூவை மெல்ல வளைத்து, நாலைந்து முறை தட்டுங்கள். உறைக்குள் மஞ்சள் மாவு போல விழும். அதை அப்போதே பக்கத்துச் செடிகளின் பட்டு இழைமேல் தூவிவிடுங்கள். வெயில் ஏறினால் மகரந்தம் சில மணி நேரத்தில் செத்துப்போகும், எடுத்து வைத்து மாலையில் தூவிப் பயனில்லை. இதை நான்கு நாள் தொடர்ந்து செய்யவேண்டும். கதிரின் அடிப்பக்க மணிகளின் இழைதான் முதலில் வெளிவரும், நுனி மணிகளின் இழை கடைசியில் வரும். முதல் நாள் மட்டும் தூவினால் அடியில் மணி பிடித்து நுனி மொட்டையாக நிற்கும்.

எந்த மாதம் விதைப்பது? இங்கே மழை எப்போது வரும், எப்போது விடும் என்றே சொல்லமுடியவில்லை.
— வாசகர், மார்த்தாண்டம்

விதைக்கும் நாளை முதலில் பார்க்காதீர்கள். பூ விரியும் நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். நம் ஊர் வெப்பத்தில் விதைத்த 48 முதல் 55 நாளில் ஆண் பூ விரியும், ஓரிரு நாளில் பட்டு வரும், அதிலிருந்து ஏறக்குறைய 20 நாளில் அறுவடை. பூ விரிந்த அந்த ஒரு வாரத்தில் அடைமழை பிடித்தால் மகரந்தப் பைகள் திறக்காது, திறந்தாலும் தூள் ஈரத்தில் கட்டிக்கொள்ளும். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூன் மாதத்திலும், அக்டோபர் பிற்பாதி, நவம்பரிலும் செடி பூவில் நிற்கக்கூடாது.

அப்படி எண்ணிப் பார்த்தால் மார்கழி கடைசியும் தை மாதமும்தான் நல்ல பட்டம். தை முதல் வாரம் விதைத்தால் மார்ச் தொடக்கத்தில் பூ, மார்ச் கடைசியில் கதிர். கோடை இடிமழைக்கு முன்னால் வேலை முடிந்துவிடும். தண்ணீர் மட்டும் நீங்கள் விடவேண்டும். இரண்டாவது பட்டம் ஆடி முதல் பாதி. செப்டம்பரில் பூத்து, ஐப்பசி மழை வலுக்கும் முன் அக்டோபர் தொடக்கத்தில் கதிர் கைக்கு வரும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆடியிலும் மழை பெய்யும், அதனால் மேட்டுப்பாத்தி கட்டாயம். பாத்தி 20 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க வேரில் தண்ணீர் நின்றால் இளஞ்செடி மஞ்சளாகும், தொடர்ந்து நின்றால் அடித்தண்டு அழுகிச் சாயும்.

20 கதிரும் ஒரே வாரத்தில் முற்றிவிடுமே என்று எழுதுபவர்களுக்கு: பத்து நாள் இடைவெளியில் இரண்டு கட்டமாக விதைக்கலாம். ஒவ்வொரு கட்டமும் தனியாக 16 செடியாவது இருக்கவேண்டும். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் நாகர்கோவில் வாசகியின் கதைதான்.

ஆடிக் காற்றில் செடி மொத்தமும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. நிமிர்த்திக் கட்டலாமா?
— வாசகர், ஆரல்வாய்மொழி

பூ வராத செடி என்றால் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் தண்டு தானாகவே வளைந்து மேலே எழும். பலவந்தமாக நிமிர்த்தினால் இன்னும் பிடிப்போடு இருக்கிற வேரும் அறுந்துபோகும். சாய்ந்த பக்கத்து வேர்மேல் மண் அணைத்து, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பூத்த பிறகு சாய்ந்தால் அதற்கு எழும் சக்தி இருக்காது. அன்றைக்கே, மண் ஈரமாக இருக்கும்போதே, மெதுவாகத் தூக்கிக் கம்பில் தளர்வாகக் கட்டுங்கள். பட்டு இலைக்கடியில் மறைந்திருந்தால் கையால் மகரந்தம் சேருங்கள்.

கணவாய்க் காற்று நேராக அடிக்கிற உங்கள் பகுதிக்கு ஆடிப் பட்டத்தை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம், தைப் பட்டமே போதும். எந்தப் பட்டமானாலும் விதைத்த 25-ம் நாளும் 40-ம் நாளும் மண் அணைக்கவேண்டும். தண்டின் அடிக்கணுவில் விரல் போலக் கிளம்பும் தாங்குவேர்கள் அந்த மண்ணுக்குள் இறங்கினால்தான் செடிக்குக் கால் பலம். இரண்டாவது அணைப்பு முடிந்ததும் அடித்தண்டு 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்கவேண்டும்.

பத்து விதை போட்டால் நாலுதான் முளைக்கிறது. விதையே சுருங்கி, வற்றல் போல இருக்கிறது. பழைய விதையைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், பூதப்பாண்டி

சுருங்கியிருப்பதுதான் அதன் இயல்பு. இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சூப்பர் ஸ்வீட் வகை வீரிய ஒட்டு ரகங்கள். சர்க்கரை மாவாக மாறுவதைத் தடுக்கும் மரபணு அவற்றில் இருக்கிறது. மாவு குறைவதால் காய்ந்த விதை வற்றிப்போகிறது. முளைக்கு வேண்டிய சேமிப்பும் அதனால் குறைவு, சாதாரண மக்காச்சோளம் போல எதையும் தாங்கி முளைக்காது.

எனவே 5 செ.மீ. ஆழத்தில் புதைக்காதீர்கள், 2 முதல் 3 செ.மீ. போதும். இரவு முழுக்க ஊறவைக்க வேண்டாம், சடாரென்று நீர் ஏறினால் இந்த வகை விதையின் உட்பகுதி வெடித்துப்போகும். விதையின் மேலிருக்கும் சிவப்பு அல்லது நீல மருந்துப் பூச்சும் கழுவப்பட்டுவிடும். அடிச்சாம்பல் நோயிலிருந்தும் அழுகலிலிருந்தும் காப்பது அந்தப் பூச்சுதான். முதல் நாள் பாத்தியை நனைத்து, மறுநாள் குழிக்கு இரண்டு விதை போட்டு, பூவாளியால் லேசாகத் தெளியுங்கள். முளை தெரியும்வரை ஈரம் இருக்கட்டும், சேறு வேண்டாம். பத்தாம் நாள் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூடவே வரும். மருந்து பூசிய விதையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மிச்ச விதையைக் கோழிக்குப் போடாதீர்கள்.

எறும்பு இழுத்துப்போகிற இடமென்றால் குழித்தட்டில் விதைத்து, 10 முதல் 12 நாளில், இரண்டு மூன்று இலை வந்ததும் வேர்க்கட்டி உடையாமல் நடலாம். அதற்குமேல் தட்டில் வைத்திருந்தால் செடி குட்டையாகவே நின்றுவிடும்.

குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம், இலை விரியும்போது வரிசையாக ஓட்டை. மருந்து அடிக்காமல் தப்பிக்க வழி உண்டா?
— வாசகி, தக்கலை

இது படைப்புழு. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. புழுவின் தலையில் தலைகீழ் Y வடிவ வெள்ளைக் கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

20 செடிக்கு வழி நிச்சயம் உண்டு. பிடிபடும் காலத்தில் பிடிக்கவேண்டும். முளைத்த ஒரு வாரத்திலிருந்து வாரம் இரண்டு முறை எல்லா இலையையும் இருபக்கமும் பாருங்கள். சாம்பல் ரோமம் மூடிய சின்னக் குவியல் ஒட்டியிருந்தால் அது முட்டை, நூறு இருநூறு இருக்கும், அங்கேயே நசுக்குங்கள். இலையில் பச்சையம் சுரண்டப்பட்டுக் கண்ணாடித்தாள் போல வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் குஞ்சுப்புழு வந்துவிட்டது. அந்த நிலையில் அசாடிராக்டின் 1500 பிபிஎம் வேப்பமருந்து லிட்டருக்கு 5 மில்லி, அல்லது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு குருத்துக்குள் இறங்கும்படி ஊற்றுங்கள். இலைமேல் மட்டும் தெளித்தால் உள்ளே இருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

புழு பெரிதாகிவிட்டால் தெளிப்பு அவ்வளவாகக் கேட்காது. ஆனால் பெரிய புழு தன் இனத்தையே தின்னும், அதனால் ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். குருத்தை விரித்துப் பார்த்தால் தூள் ஈரமாக, பச்சையாக இருக்கும் இடத்துக்கு நேர்கீழே அது படுத்திருக்கும். தென்னை ஈர்க்கால் தோண்டி எடுத்துவிடலாம். தூள் காய்ந்து வெளுத்திருந்தால் புழு அங்கிருந்து போய்விட்டது என்று பொருள். எடுத்தபின் மணல் ஒன்பது பங்கு, சுண்ணாம்புத்தூள் ஒரு பங்கு கலந்து ஒரு சிட்டிகை குருத்துக்குள் போடுங்கள்.

இந்தப் போராட்டம் 40-ம் நாளுக்குள் முடியவேண்டும். ஆண் பூ வெளியே வந்ததும் குருத்தில் இடமில்லாமல் புழு கதிருக்குள் புகும், பிறகு எந்த மருந்தும் எட்டாது. பூத்த செடிமேல் பூச்சிக்கொல்லி அடிக்கவே அடிக்காதீர்கள். மக்காச்சோள மகரந்தத்தை எடுக்கத் தேனீ காலையிலேயே வரும். மார்த்தாண்டம், தக்கலை சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் தேனீப் பெட்டி இருக்கிறது.

தென்னைக்கு நடுவே செம்மண் விளையில் போட்டிருக்கிறேன். இளஞ்செடி இலை ஊதா நிறமாக ஓடுகிறது. வளர்ச்சியும் இல்லை.
— வாசகர், குலசேகரம்

இரண்டு குறை சேர்ந்திருக்கிறது. மலையடிவாரச் செம்மண்ணும் சரளையும் மழையில் சத்து கரைந்து புளித்த மண். புளிப்பு மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து வேருக்குக் கிடைக்காமல் போகும். ஊதா ஓடுவது அதனால்தான். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் (சுண்ணாம்புச் சத்துள்ள கல்தூள்) கொத்திக் கலந்து தண்ணீர் விடுங்கள். மண் பரிசோதனை செய்து அளவை முடிவு செய்வது இன்னும் நல்லது, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். விதைக்கும் அன்று சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ மக்கிய தொழுவுரம், 45 கிராம் சூப்பர் பாஸ்பேட், 10 கிராம் பொட்டாஷ். சுண்ணாம்புச் சத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் ஒரே நாளில் போடாதீர்கள், ஒன்றை ஒன்று கெடுக்கும்.

நிழல்தான் பெரிய குறை. ஸ்வீட் கார்னுக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஓலை மூடிய தோப்பில் செடி நெடுநெடுவென்று போகும், கதிர் பிடிக்காது. இதற்கு உரத்தில் வைத்தியமில்லை, இடத்தை மாற்றுங்கள்.

தழைச்சத்தைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். 15, 27, 42-ம் நாட்களில் செடிக்கு அரை டீஸ்பூன் யூரியா, தலைதட்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் கீறிப் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். யூரியா வேண்டாம் என்பவர்கள் 200 கிராம் கடலைப்பிண்ணாக்கை 2 லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, 10 லிட்டராக்கி, செடிக்கு அரை லிட்டர் வீதம் 20 செடிக்கு ஊற்றலாம். பிண்ணாக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒவ்வொரு தவணையையும் ஐந்து நாள் முன்னதாகவே கொடுங்கள். அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக V போல மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. இலையோரம் கருகினால் பொட்டாஷ் குறை. குருத்திலையின் அடிப்பகுதி வெளுத்துப் பட்டை பட்டையாக வந்தால் துத்தநாகக் குறை.

கடற்கரை மணல், கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். வளருமா?
— வாசகி, குளச்சல்

மணலில் வளரும், உப்பில் தடுமாறும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் மக்காச்சோளத்துக்கு ஆகாது, இலையோரம் கருகிக் கதிர் சிறுத்துப்போகும். நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்குமென்றால் அதை முளைக்கும் பத்து நாளுக்கும் பூக்கும் இரண்டு வாரத்துக்கும் ஒதுக்குங்கள்.

மணலுக்கு வழி சொல்கிறோம். பாத்தியை ஒன்றரை அடி தோண்டி, அடியில் பழைய கதம்பையை (தேங்காய் மட்டையை) உட்பக்கம் மேலே பார்க்க ஓர் அடுக்கு பரப்புங்கள். மழைநீரில் நன்றாக ஊறிய கதம்பையாக இருக்கட்டும். அதன்மேல் மணலும் மக்கிய சாணமும் சம அளவில் நிரப்புங்கள். உரத்தை மூன்று தவணைக்குப் பதில் ஐந்தாகப் பிரியுங்கள், மணலில் எல்லாம் கீழே இறங்கிவிடும். பூக்கும் நேரத்தில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 6 முதல் 7 லிட்டர் தண்ணீர், காலையும் மாலையுமாக. அந்த நேரத்தில் செடி காய்ந்தால் ஆண் பூ தன் நாளில் விரிந்துவிடும், பட்டு மட்டும் தாமதிக்கும். பட்டு வெளிவரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும்.

மொட்டைமாடியில் பையில் வளர்க்கலாமா?
— வாசகர், கருங்கல்

வளர்க்கலாம். 15 அங்குல அகல உயரமுள்ள பைக்கு இரண்டு செடி, எட்டுப் பை, இரண்டு வரிசையாக ஒட்டி வைத்தால் 16 செடி. செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒன்று, மண்புழு உரம் ஒன்று, பைக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவு இங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று பச்சையாக அள்ளி வந்து நிரப்பாதீர்கள். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். மூன்று முறை ஊறவைத்து வடித்த பிறகே பயன்படுத்துங்கள். நனைந்த பை ஒன்று 35 கிலோவுக்குக் குறையாது, சுவருக்கோ பீமுக்கோ மேலாக வரிசைப்படுத்துங்கள். மாடிக் காற்றுக்கு நான்கு மூலையிலும் கம்பு நட்டு இரண்டு உயரத்தில் கயிறு சுற்றிவிடுங்கள். பூ நேரத்தில் செடிக்கு நாளைக்கு 2 லிட்டர் வரை தண்ணீர் கேட்கும். எண்ணிக்கை குறைவு, மாடிக் காற்றும் சுழன்று அடிக்கும், அதனால் மகரந்தம் கையால்தான்.

எப்போது பறிப்பது? முதல் கதிர் தண்ணீராக இருந்தது, ஒரு வாரம் விட்டால் அடுத்தது மாவாகிவிட்டது.
— வாசகி, இரணியல்

பட்டு வெளிவந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். 18-ம் நாளிலிருந்து தினமும் பாருங்கள், பெரும்பாலும் 20-ஐ ஒட்டி வரும். பட்டு காய்ந்து காப்பிப்பொடி நிறமாகியிருக்கும், ஆனால் உறை பச்சையாகவே இருக்கும். நுனியைத் தோலோடு அழுத்தினால் கூர்மை போய் மழுங்கியிருக்கும். இந்த மூன்றும் பொருந்தினால் ஒரே ஒரு கதிரில் மட்டும் தோலைப் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை விலக்கி, நடுமணியை நகத்தால் குத்துங்கள். தெளிந்த நீர் தெறித்தால் இரண்டு நாள் பொறுங்கள். பால் வந்தால் பறியுங்கள். களி போல ஒட்டினால் நாள் கடந்துவிட்டது. சூப்பர் ஸ்வீட் ரகத்தில் பால் அவ்வளவு வெள்ளையாக வராது, லேசாகக் கலங்கினாலே பக்குவம். கெட்டி வெள்ளைக்குக் காத்திருந்தால் தோல் தடித்துப் பல்லில் சிக்கும். எல்லாக் கதிரையும் பிரித்துப் பார்க்காதீர்கள், பிரித்த இடத்தில் எறும்பும் பூச்சியும் அன்றைக்கே நுழையும்.

வெயில் ஏறுமுன் கதிரைக் கீழ்நோக்கி மடக்கி ஒரு திருகு திருகினால் கையோடு வரும். பறித்த நேரத்திலிருந்து இனிப்பு குறைய ஆரம்பிக்கும். சூப்பர் ஸ்வீட்டில் மெதுவாகத்தான் குறையும், பழைய ரகங்களில் ஒரே நாளில் பெரும்பகுதி போய்விடும். அன்றே சமைக்காவிட்டால் தோலுரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். கொதிக்கிற நீரில் ஐந்து நிமிடம் போதும்.

ஒரு செடியில் ஒரு நல்ல கதிர் என்பதே கணக்கு. கீழே இரண்டாவது கிளம்பினால் பட்டு எட்டிப் பார்த்த ஓரிரு நாளில் பேபி கார்னாகப் பறித்துப் பொரியலுக்கு எடுத்துக்கொள்ளலாம். மேல் கதிருக்கும் அது நல்லது.

எலியும் மயிலும் மிச்சம் வைப்பதில்லை.
— வாசகர், தோவாளை

எலி பால் பிடித்த கதிரைத்தான் தேடும். பட்டு வந்த 15-ம் நாளிலிருந்து பாத்தியைச் சுற்றிக் களையும் சருகும் இல்லாமல் பெருக்கி, எலிப்பொறியைச் சுவரோரம் வையுங்கள். விஷம் வேண்டாம், நாயும் கோழியும் உலவுகிற இடம். மயில் இளஞ்செடியையும் கிள்ளும், மயிலைத் துன்புறுத்துவது சட்டப்படி குற்றமும்கூட. விதைத்ததும் 15 நாளுக்குப் பாத்திமேல் வலை கட்டுங்கள். கதிருக்கு, மகரந்தம் சேர்ந்து பட்டு காய்ந்த பிறகு பழைய வலைத்துணிப் பை மாட்டிக் கட்டலாம். அதற்கு முன்னால் மாட்டினால் மகரந்தம் விழாது.

நல்ல கதிர் ஒன்றை விதைக்கு விடலாமா? அறுத்த இடத்தில் அடுத்து என்ன போடுவது?
— வாசகர், கொட்டாரம்

வீரிய ஒட்டு ரகத்தின் மணியை விதைத்தால் இனிப்பு ஓரளவு இருக்கலாம், ஆனால் செடிகள் ஒன்று குட்டை, ஒன்று நெட்டையாக வரும், ஒரே நாளில் பூக்காது. சின்னக் கட்டத்துக்கு அதுவே பெரிய இழப்பு. பக்கத்து வீட்டில் சாதாரண மக்காச்சோளம் பூத்திருந்து அதன் மகரந்தம் விழுந்தால் அந்த வருடக் கதிரிலேயே மாவு மணி கலக்கும். பூக்கும் காலம் இரண்டு வாரம் விலகும்படி விதையுங்கள்.

அடுத்து அதே இடத்தில் மக்காச்சோளம் வேண்டாம். அடித்தட்டையை வேரோடு பிடுங்கி எடுங்கள், தண்டுத் துளைப்பான் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். மருந்து படாத தட்டையை நறுக்கி மாட்டுக்குப் போடலாம். பாத்தியில் தட்டைப்பயறு ஊன்றுங்கள்.